கவலைகளை வரவேற்பறையில் ஒப்படைக்கவும்

அண்ணா சாலையில் பழைய தியேட்டரை இடித்துவிட்டு எழுப்பிய அந்தப் பதினெட்டு மாடி ஓட்டலுக்கு 'நிர்சிந்தா' என்று பெயர். கவலையற்ற இடம் என்று பொருளாம். அதைப் பிசிறில்லாமல் உச்சரிக்க வரவேற்பறைப் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆட்டோக்காரர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்கள் 'நிம்மதி ஓட்டல்' என்று சொல்லி, சரியான இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

திறப்பு விழா ஒரு புதன்கிழமை. அமைச்சர் பத்தரைக்கு விளக்கேற்றுவார் என்று அழைப்பிதழில் இருந்ததால் பதினொன்றரைக்கு ஏற்றுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் முந்தின நாளே வந்து பதினேழாம் மாடியில்தான் தங்கியிருந்தார். அதற்காக மொட்டை மாடிக்கு நேரத்தில் வந்துவிட முடியுமா? பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் மொட்டை மாடி நீச்சல் குளத்தின் கரையில் விழா முடிந்தாக வேண்டும்.

அந்தக் குளத்துக்கு நேர் கீழே, பதினெட்டாம் மாடியில் ஜன்னலில்லாத ஒரு கூடத்தில், காலை ஒன்பதே காலுக்கு அமலோற்பவம் என்கிற அமலிக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது.

அதில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவள் வேலை.

சோதனை ஓட்டத்துக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்தவள். முதல் நாள் வேலை முடிந்து ராயபுரம் வீட்டுக்குப் போனபோது கணவன் பிராங்க்ளின் கேட்டான்.

"இன்னா வேலைன்னு ஒரு தபா புரியிற மாதிரி சொல்லு."

"ரூம் எடுக்கிறவங்களுக்கு காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு ஒட்டுவாங்க. எங் கழுத்துல ஒரு பட்டை. அவங்க பயம் அங்கேர்ந்து கெளம்பி எங்கிட்ட வந்துடும். அவங்க ஜாலியா இருப்பாங்க."

"அப்போ பெரிய மனுசங்க ரகசியமெல்லாம் உனுக்கு வந்துடும்?"

"அதெல்லாம் வராது. நடுக்கம் மட்டும்தான். எதுக்கு நடுக்கம்ன்றது அவங்ககிட்டயே இருக்கும்."

"காரணம் அவன்கிட்ட, நடுக்கம் உன்கிட்ட."

"ஆமா."

"எங்க மொதலாளியும் அப்டித்தான். அதுக்கு மிஷினெல்லாம் வெக்கல."

கூடத்துக்கு 'அமைதிப் பகிர்வு மையம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள், பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மீட்டர், சுவரில் ஒரே ஒரு போன். வீட்டில் யாருக்காவது அவசரம் என்றால் மட்டும் அந்தப் போனில் கூப்பிடலாம். விதிகள் இரண்டே: வேலை நேரத்தில் பட்டையைக் கழற்றக் கூடாது, கழற்றினால் பயம் அந்த நொடியே உரியவரிடம் திரும்பிவிடும், வேலையும் போய்விடும். விருந்தினரை எக்காரணம் கொண்டும் சந்திக்கக் கூடாது.

பக்கத்து நாற்காலியில் துளசிராமன். மாநகரப் பேருந்தில் முப்பது வருடம் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அமைச்சரின் பயம் அவர் கணக்கில் இருந்தது.

"உனக்கு எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தாறு அண்ணே."

"அடேயப்பா! எனக்கு மந்திரியே அறுபத்திரண்டுதான். யாரும்மா உன் ஆளு?"

"பதினோராவது மாடி, ஏழாம் நம்பர் ரூமு. நேத்து சாயங்காலம் வந்தாரு. வரும்போதே தொண்ணூறுன்னு நைட்டு ஷிப்டு பொண்ணு சொன்னா."

இரண்டு மாதத்தில் அமலி விதவிதமான பயங்களைப் பார்த்திருந்தாள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவரின் பயம் வயிற்றில் உட்காரும். ரெய்டு பயம் காதில் உட்கார்ந்து ஒவ்வொரு காலிங் பெல்லுக்கும் துள்ளும். இது காலில் வந்தது. எழுந்து ஓடு, எழுந்து ஓடு என்று முழங்காலைப் பிடித்து உலுக்கியது. உள்ளங்கை ஈரமாகி நாற்காலிக் கையில் தடம் பதிந்தது.

கதவு திறந்து நிரஞ்சன் வந்தார். ஓட்டலின் அனுபவத் துறைத் தலைவர். அது என்ன துறை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பட்டு வேட்டி கட்டியிருந்தார், ஒட்டிக்கொள்ளும் வகை. மீட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தொண்ணூத்தாறு! இது ரெக்கார்டு. எல்லாரும் அமலிக்கு ஒரு கைதட்டு!"

நடுங்கும் கைகள் பதினொரு ஜோடி தட்டின.

"சார், இது வேற மாதிரி இருக்கு. ஓடிப் போயிடுன்னு சொல்லுது. ஏதோ நடக்கப் போவுது சார்."

"அமலி, லிசன். அது உங்க ஃபீலிங் இல்ல. கெஸ்ட்டோட ப்ராப்பர்ட்டி. அதை வெச்சுக்கிட்டு நீங்க முடிவெல்லாம் எடுக்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிக்குங்க."

"அந்தத் தண்ணி சார்?" மூலையில் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள்.

"ஏசி வாட்டர்" என்று சொல்லிவிட்டு நிரஞ்சன் பொன்னாடைகளை எண்ணப் போய்விட்டார்.

ஐந்து நிமிடக் கழிவறை இடைவேளையில் அமலி வாளியருகே குனிந்தாள். விரலை நனைத்து முகர்ந்தாள். ப்ளீச்சிங் பவுடர் வாசம். ஏசி தண்ணீருக்கு ஏது வாசம்? அவள் கழிவறைக்குப் போகவில்லை. சாமான் ஏற்றும் லிஃப்டில் ஏறிப் பதினொன்றை அழுத்தினாள்.

ஏழாம் அறையில் கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை அங்கி, ஓட்டல் செருப்பு, முகமெல்லாம் சிரிப்பு. மேஜையில் கறுப்புக் கல் பலகை மேல் ஒற்றை இட்லி இருந்தது. அதைச் சுற்றி சாம்பார் நுரை. சாம்பாரை ஏன் நுரையாக்கினார்கள் என்பதற்கு ஓர் அச்சிட்ட விளக்க அட்டையும் இருந்தது.

"வாம்மா. துண்டு கொண்டு வந்தியா?"

"இல்ல சார். உங்க பயத்தைக் கொண்டாந்திருக்கேன்."

கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. "ஓ, நீதானா அது! ரொம்ப தேங்ஸ்மா. நாலு மாசத்துக்கு அப்புறம் நேத்துதான் தூங்கினேன். உட்காரு. கை ஏன் இப்படி நடுங்குது?"

"உங்க நடுக்கம் சார் அது. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குமே?"

"இருக்கு."

"பரவால்ல, சொல்றேன். எனக்கு ஒண்ணும் கவலை இல்ல." இட்லியில் ஓர் ஓரத்தை முள்கரண்டியால் வெட்டினார். "என் பேர் கோதண்டபாணி. இந்தக் கட்டடத்துக்கு இன்ஜினியர். என் டிசைன்ல மேல இருக்கிற குளம் நடுவுல, நாலு தூணுக்கு மேல. வாஸ்து பாக்க வந்தவரு தண்ணி ஈசானிய மூலையிலதான் இருக்கணும்னுட்டார். அங்க தூணே கிடையாது. அப்புறம் ஜோசியர் இந்தப் புதன்கிழமையை விட்டா ஆறு மாசத்துக்கு நாள் இல்லன்னுட்டார். இருபத்தெட்டு நாள் முட்டுக் கொடுத்து நிக்க வேண்டிய சென்ட்ரிங்கை பதினோராம் நாளே பிரிச்சாச்சு. காங்கிரீட்டுக்கு பஞ்சாங்கம் பாக்கத் தெரியாது பாரு, அது இன்னும் காய்ஞ்சுக்கிட்டிருக்கு."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சேர்மன்கிட்ட நாலு தடவை சொன்னேன். 'நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்க, ரெண்டு நாள் நம்ம ஓட்டல்லயே தங்குங்க'ன்னார். தங்கமான மனுஷன்."

"அது... வுழுந்துடுமா சார்?"

நுரையை வழித்து ருசித்தார். "வெறும் தண்ணின்னா ஒரு வாரம் தாங்கும். இருநூறு பேர் அந்தப் பக்கம் ஏறி நின்னு குரூப் போட்டோ எடுத்தா இன்னிக்கே." கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொன்னார்.

"நேர் கீழ நாங்க உக்காந்திருக்கோம் சார். பன்னெண்டு பேரு."

"அடடா" என்றார், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனதைப்போல.

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க கால்ல விழறேன்."

"சொல்லலாம்மா. இதைச் சாப்பிட்டு, ஒரு குளியல் போட்டுட்டு..." பாதியில் நிறுத்தினார். முதல் முறையாகக் கொஞ்சம் யோசிக்கிற முகம். "எனக்கு எல்லாம் தெரியுது. ஆனா பதறல. பதறாம எப்படிம்மா எழுந்திருக்கிறது?"

அமலி பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையின் கொக்கியைத் தட்டிவிட்டாள்.

மழையில் நனைந்த துணியை உருவிப்போட்டதுபோல் இருந்தது. எதிரே முள்கரண்டி கல்லில் விழுந்தது. கோதண்டபாணியின் சிரிப்பு ஓரிரு நொடி உதட்டில் தங்கி, தங்கும் இடமில்லாமல் போய்விட்டது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வாய் திறந்தது. எழுந்தார். அப்பாடா, மேலே ஓடப்போகிறார் என்று அமலி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார். கீழே போகும் பொத்தானை ஏழெட்டு முறை குத்தினார்.

"சார்! மேல சார்!"

கதவு மூடிக்கொண்டது. தாழ்வார ஜன்னலில் அவள் எட்டிப் பார்த்தபோது, வெள்ளை அங்கியும் ஓட்டல் செருப்புமாக ஒரு சின்ன உருவம் அண்ணா சாலையில் ஓர் ஆட்டோவுக்குள் பாய்ந்தது. பேரம் பேசவில்லை. அதைப் பார்த்ததும்தான் அமலிக்கு அவர் சொன்னதெல்லாம் முழுசாக நம்பிக்கையானது.

அவளுக்குள் இப்போது ஒரு பயம் இருந்தது, சொந்தப் பயம். அளவில் சின்னது, ஆனால் முகவரி இருந்தது.

மொட்டை மாடியில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேர். அதில் பதினொரு பேர்தான் அறை எடுத்துப் பொட்டு ஒட்டிய பெரிய மனிதர்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்க்கிற மனிதர்கள். ஒரு பெரிய பூசணிக்காய் திருஷ்டிக்காகத் தயாராக இருந்தது. நிரஞ்சன் புகைப்படக்காரரிடம், எல்லோரையும் குளத்தின் கரையில் எப்படி நெருக்கி நிறுத்துவது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், குளம் வுழப்போவுது. எல்லாரையும் எறக்குங்க."

"உங்க பட்டை எங்க?"

"பதினோராம் மாடில இன்ஜினியர் இருந்தாரு சார். அவரே சொன்னாரு. தூணு இல்லாத எடமாம்."

"அவரைக் கூப்பிடுங்க."

"ஓடிட்டாரு."

நிரஞ்சன் சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல் குரலைத் தணித்தார். "அமலி, லிசன். சுத்தி ஒரு தடவை பாருங்க. பெரிய பெரிய ஆளுங்க. யார் முகத்திலயாவது பயம் தெரியுதா?"

பார்த்தாள். தெரியவில்லை. சேர்மன் குளத்தின் விளிம்பில் நின்று குழந்தைபோல் கையசைத்தார்.

"இவங்க பயமெல்லாம் கீழ நாற்காலில இருக்கு சார்!"

"அதுக்குத்தானே ஓட்டலே கட்டியிருக்கோம். பட்டையை கவுன்ட்டர்ல குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க." அவர் திரும்பியபோது அவர் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு இருந்தது. நிர்வாகிகளுக்கான சலுகை.

அமலி ஒரு மாடி இறங்கிக் கூடத்துக்குள் நுழைந்தாள். மணி பதினொன்று நாற்பது. மேலே காலடிகள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. வாளி நிரம்பி வழிந்தது.

"எல்லாரும் எந்திரிங்க! மேல குளம் ஒடையப் போவுது!"

யாரும் அசையவில்லை. பதினொரு பேரும் வியர்த்து, பல்லைக் கடித்து, யார் யாருடைய கவலைகளையோ சுமந்துகொண்டு கிடந்தார்கள்.

"அமலி, காலையிலேர்ந்து செத்துக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்றார் துளசிராமன். "புதுசா பயப்பட எடம் எங்க இருக்கு? வண்டி ஃபுல்."

"பட்டையக் கழட்டிட்டு ஒரே ஒரு தபா அந்த வாளியப் பாருண்ணே."

"வேலை பூடும்."

"எனக்குப் பூடுச்சு. எம் மூஞ்சியப் பாரு. நல்லாத்தானே இருக்கேன்?"

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டையைக் கழற்றினார். மூச்சு விட்டார். வாளியைப் பார்த்தார். அங்கிருந்து கண் மேலே போனது. விளக்கிலிருந்து சுவர்வரை கூரையில் ஒரு கோடு, தலைமுடிபோல. அவர் பார்க்கப் பார்க்கவே அது ஒரு சாண் நீண்டது.

"எறங்கு, எறங்கு, எறங்கு!" முப்பது வருடக் குரல் ஒரேயடியாக வெளியே வந்தது. "எல்லாம் கழட்டிப் போட்டுட்டு எறங்கு! வண்டி இதுக்கு மேல போவாது!"

அந்தக் குரலுக்குச் சென்னையில் யாரும் இதுவரை எதிர்வாதம் செய்ததில்லை. பட்டைகள் தரையில் விழுந்தன.

மேலே அமைச்சர் குத்துவிளக்கின் மூன்றாவது திரியை ஏற்றிக்கொண்டிருந்தார். தலைமையிலிருந்து இரண்டு நாளாக வந்த அழைப்பை எடுக்காமல் விட்டது சட்டென்று நினைவுக்கு வந்தது. மெழுகுவர்த்தியை அருகிலிருந்தவர் கையில் திணித்துவிட்டு நடந்தார், நடை ஓட்டமானது. மெழுகுவர்த்தியை வாங்கியவர் ஒரு பொறியியல் கல்லூரியின் தாளாளர். ஆய்வுக்குழு வரும் நாள் இன்றுதான் என்று அவருக்கு உறைத்தது, அவரும் ஓடினார். ஓர் இதய நிபுணர் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சேர்மனுக்கு மட்டும் ஓர் இன்ஜினியர் நான்கு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அங்கே சரியான காரணத்துக்காக ஓடியவர் அவர் ஒருவர்தான். யாரிடமும் சொல்லாமல் ஓடினார். நிரஞ்சன், வேட்டி வழியில் ஒட்டுவிட்டுப் போனதைக்கூடக் கவனிக்காமல், இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

பதினொரு பெரிய மனிதர்கள் ஓடினால் மற்ற நூற்று எண்பத்தொன்பது பேர் ஏன் என்று கேட்டுக்கொண்டா நிற்பார்கள்? அமைச்சர் போகிற திசைதான் நிகழ்ச்சி என்று பழகியவர்கள். ஐந்து நிமிடத்தில் மாடி காலியானது.

மிஞ்சியவர்கள் வாசிப்பவர்களும் பரிமாறுகிறவர்களும். அவர்களை இறக்க அமலிதான் மேலே ஏறினாள். "மங்களம் வாசிக்க வேணாமாம்மா?" என்று கேட்டார் நாதஸ்வரக்காரர்.

"ரோட்டுல நின்னு வாசிங்கண்ணே. மொதல்ல எறங்குங்க."

பன்னிரண்டு ஏழுக்குக் குளம் பதினெட்டாம் மாடிக்கு வந்தது. பன்னிரண்டு சாய்வு நாற்காலிகளையும் பித்தளைப் பலகையையும் எடுத்துக்கொண்டு பதினேழாம் மாடிக்குப் போய் அமைச்சரின் கட்டிலில் நின்றது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ராகு காலத்தில்தானே விழுந்தது என்று ஜோசியர் பேட்டி கொடுத்தார். அவருக்கு வாடிக்கை கூடியது.

மூன்று மாதம் கழித்து விசாரணை நடந்தது, அமலி மேல். பட்டைகளைக் கழற்றச் செய்து கலவரத்தை உண்டாக்கினாள், இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஓடிய அதிர்ச்சியில்தான் குளம் இடிந்தது, கட்டடத்தில் குறையில்லை என்று ஓட்டல் வக்கீல் வாதாடினார். கேட்க நியாயமாகவே இருந்தது. பிராங்க்ளின்கூடப் பின்வரிசையில் ஒரு கணம் தலையாட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி கோதண்டபாணி. உடல்நிலை காரணமாக நேரில் வர இயலாது, திரையில் தோன்றுவார் என்றார்கள்.

தோன்றினார். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் கறுப்புக் கல் பலகை, ஒற்றை இட்லி.

"வணக்கம் சார். நம்ம ஓட்டலோட கோயம்புத்தூர் பிராஞ்ச்ல இருக்கேன். சேர்மன் ஏற்பாடு. இங்க நுரை இன்னும் நல்லா இருக்கு."

பயமில்லாதவன் கூசாமல் பொய் சொல்வான் என்று சேர்மன் கணக்குப் போட்டிருந்தார். பொய் சொல்லவும் ஒரு பயம் வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தூண் இருந்ததா? "இல்லியே." சென்ட்ரிங் எத்தனை நாள்? "பதினொண்ணு." விழும் என்று தெரியுமா? "நல்லாத் தெரியும்." விசாரணை அதிகாரி எழுத எழுத, ஓட்டல் வக்கீலின் பேனா மட்டும் நின்றிருந்தது.

அமலி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. அப்படியானால் யாரோ நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தாழ்வாரத்துக்கு வந்து கோவைக் கிளைக்குப் போன் போட்டாள். வீட்டிலிருந்து பேசுகிறேன், அவசரம், பகிர்வு மையத்துக்குக் கொடுங்கள் என்றாள். கொடுத்தார்கள்.

"அங்க ரொம்ப நடுங்கிறது யாரும்மா?"

"நானுங்க்கா" என்றது ஒரு பெண் குரல். பல் அடிப்பது கேட்டது. "மூணு நாளாச்சுங்க்கா, கால் நிக்கமாட்டேங்குது. நீங்க யாருங்க்கா? எப்படித் தெரியும்?"

"உன் நாற்காலில நான் இருந்திருக்கேன். அது உன் பயம் இல்லம்மா. பட்டையைக் கழட்டினா போயிடும்."

"கழட்டிரட்டுங்களா? முடியலீங்க்கா."

ஒருக்களித்திருந்த கதவு வழியாகத் திரை தெரிந்தது, குரலும் கேட்டது. அதிகாரி கடைசிக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: நாள் முடியுமுன் சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொன்னது யார்? கோதண்டபாணி நிதானமாகக் காபியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது, யாரையோ கூப்பிட்டார்.

"அக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிக்கம்மா" என்றாள் அமலி.

சொன்ன பிறகுதான் அது நிரஞ்சனின் வாக்கியம் என்று காதில் விழுந்தது.

சர்க்கரை வந்தது. கலக்கினார். போனில் அந்தப் பெண் விசும்பத் தொடங்கியிருந்தாள். கோதண்டபாணி நிமிர்ந்து, "சேர்மன்தான் சார். எழுதியே குடுத்தார், லெட்டர் என் பையில இருக்கு" என்று எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தார். அதிகாரி கையெழுத்தைப் படித்து முடித்துப் பேனாவை மூடினார்.

"இப்ப கழட்டு."

திரையில் காபி சிந்தியது. கோதண்டபாணி கையிலிருந்த கடிதத்தை, அது அங்கே எப்படி வந்தது என்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

போனில் நீண்ட மூச்சு. அடுத்து வந்த குரல் தெளிவாக இருந்தது.

"ஏனுங்க்கா, பட்டையைக் கழட்டினாப் போயிரும்னு நீங்க சொல்லிப் பத்து நிமிஷம் இருக்கும். அப்பவே விட்டிருக்கலாமில்லீங்க?"

அமலிக்கு நெஞ்சு படபடத்தது. இந்த முறை காரணமும் அவளிடமே இருந்தது.